குடிக்கக் குடிக்கக் குறையாத கொயினாப் போத்தல்

கொயினாப் பட்டை நல்லதா கெட்டதா என்று இனிமேல் என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. போன மாதம் சுகாதார நிலையத்திலிருந்து இரண்டு இளம் மருத்துவச்சிகள் வந்திருந்தார்கள். ஏதோ சிறப்பு மலர் போடுகிறார்களாம். ஓய்வுபெற்ற தோட்டத்து மருத்துவச்சி என்ற முறையில் நான் அதில் எழுத வேண்டுமாம்.

"நம்ம லயத்து ஆளுங்க அந்தக் காலத்துல மரப்பட்டைய வச்சே காய்ச்சலக் குணப்படுத்தினாங்கன்னு சொல்றாங்களே, அதப் பத்தி நல்லதா நாலு வார்த்த எழுதிக் குடுங்கம்மா" என்றாள் ஒருத்தி. மற்றவள் நுவரெலியாக் கடையில் வாங்கிய பட்டைத்தூள் பாக்கெட் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். காய்ச்சல், சீனி வியாதி, மூட்டுவலி, பசியின்மை, இரத்தச் சுத்தி என்று அதன் மேல் எழுதாத நோய் இல்லை.

"எவ்வளவு சாப்பிடச் சொல்லியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு சிட்டிகைன்னு போட்டிருக்கும்மா."

"யாரோட சிட்டிக? ஒன்னோடதா, என்னோடதா, தேயிலையக் கவ்வாத்து வெட்டுறவனோடதா?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் நல்ல வாயாகப் பார்த்துப் போயிருக்க வேண்டும். என்னிடம் வந்துவிட்டார்கள். நடந்ததைத்தான் நான் எழுத முடியும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை மகளாகப் பிறந்தேன். கண்டியில் பிள்ளைப்பேறு பார்க்கப் படித்தேன். கையை எப்படிக் கழுவுவது என்பதையே வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் கற்றதெல்லாம் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக் காம்பராக்களில் கற்றதுதான். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் இறம்பொடைக்கும் பூண்டுலோயாவுக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. அறுபதுகளின் நடுவில் வேறு தோட்டத்துக்கு மாறும்வரை அங்கேயே இருந்தேன்.

அந்தத் தோட்டத்தின் மேல் எல்லையில், ஆற்றை ஒட்டி, சிங்கோனா என்கிற கொயினா மரங்கள் ஒரு வரிசை நின்றன. கோப்பிச் செடி நோய் வந்து அழிந்தபின், தேயிலை வருவதற்கு முன்னால், வெள்ளைக்காரத் துரைமார் கொஞ்ச காலம் அந்த மரத்தை நம்பினார்களாம். விலை விழுந்ததும் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேயிலை வைத்தார்கள். எல்லையில் நின்றதை மட்டும் விட்டுவிட்டார்கள். பட்டையைச் சீவினால் உள்ளே செங்கல் நிறம். நாக்கில் வைத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

லயத்தில் அந்தப் பட்டை செய்யாத வேலை கிடையாது. காய்ச்சலுக்குக் கஷாயம். பசியில்லை என்றாலும் கஷாயம். அட்டை கடித்துச் சீழ் பிடித்த காலைக் கழுவப் பட்டைத் தண்ணீர். பல்வலிக்கு வாய் கொப்புளிக்கவும் அதுதான். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க மார்பில் அரைத்துப் பூசுவார்கள். ஆம்பிளைகள் சாராயத்தில் ஊறப்போட்டு, "ஒடம்புக்கு நல்லதும்மா" என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டுக் குடிப்பார்கள். ஃபெக்டரியில் வேலை செய்த ஒருத்தன் அப்படிக் குடித்துவிட்டு, மெஷின் நின்ற பிறகும் ஏன் சத்தம் போடுகிறதென்று எல்லோரோடும் சண்டை பிடித்தான். மெஷின் நின்றுவிட்டது, சத்தம் உன் காதில்தான் என்று சொல்லப் போனேன். மருத்துவச்சிக்குப் பிரசவம் பார்க்கத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

இதில் எனக்கு வந்த தலைவலி என்னவென்றால், பட்டை பொய்யில்லை. குளிர்காய்ச்சலுக்கு, அதுதான் மலேரியாவுக்கு, ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினா மருந்தும் அதே பட்டையிலிருந்து எடுத்ததுதான். வேலை செய்யாத சரக்கென்றால் நானும் போனால் போகிறதென்று விட்டிருப்பேன். அடிமரத்துப் பட்டைக்கு ஒரு வீரியம், கொப்புப் பட்டைக்கு ஒரு வீரியம், வேர்ப்பட்டைக்கு அதைவிட அதிகம். பக்கத்துப் பக்கத்து மரங்களே ஒன்றுபோல் இருக்காது. இதில் ஒரு கைப்பிடி போட்டுச் சுண்டக் காய்ச்சினால் தண்ணீரில் எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று உடனே ஒரு பழமொழியை எடுத்து நீட்டுவார்கள். அளவு தெரிந்தால்தானே ஐயா, மிஞ்சியது தெரியும்?

டிஸ்பென்சரிக்குப் பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டருக்குப் படித்தவரில்லை, மருந்து கலக்கக் கற்றவர். ஆனாலும் தோட்டத்துக்கே அவர்தான் டாக்டரையா. மெலிந்த ஆள். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மருந்து வாங்க வருகிறவர்கள் போத்தலை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். வருவதெல்லாம் பச்சைச் சாராயப் போத்தல்தான். வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உதுக்குள்ளை முந்தி மண்ணெண்ணெயோ?" என்பார். ஆமென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கொயினா கலக்கும்போது யாரும் அவரோடு பேசக் கூடாது. வெள்ளைத் தூளைத் தராசில் நிறுத்து, கண்ணாடிக் குவளையில் போட்டு, அது கரைவதற்குத் திராவகத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். கலங்கல் தெளிந்ததும் ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடிப்பார். ஓரத்தில் லேசான நீலம் ஓடும். அது தெரிந்தால்தான் போத்தலில் ஊற்றுவார். பிறகு ஒரு காகிதத் துண்டை நீளமாக மடித்து, கத்தரிக்கோலால் பல் பல்லாக வெட்டி, போத்தலின் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு வேளைக்கு ஒரு பல். எழுத்துத் தெரியாதவர்களும் ஒரு பல் இறங்கும்வரை குடித்தால் போதும். இவ்வளவு கவனமான மனிதர், உள்ளே என்ன இருக்கிறதென்று மட்டும் ஒருவருக்கும் சொல்ல மாட்டார். "பேர் சொன்னால் வருத்தம் மாறுமோ?" என்று கேட்பார். அவர் ஊரில் நோயை வருத்தம் என்பார்கள்.

அதோடு விட்டாரா? காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகப் பிடிக்காமல் வயிற்றுவலி என்று வருகிறவர்களுக்கு, ஓமத் தண்ணீரில் சாயம் கலந்து கொடுத்தனுப்புவார். குடித்தவனுக்குத் தெரியாதா அது தண்ணீரென்று? டாக்டரையா தண்ணி மருந்து கொடுக்கிறார் என்று லயம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சில் பாதி உண்மை. பாதி உண்மையை வைத்துக்கொண்டு மனுஷர் செய்யும் அநியாயத்தை முழுப் பொய்யை வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

செல்லம்மா கொழுந்து பறிக்கிற பெண். அவளுடைய முதல் பிள்ளை அழாமலே பிறந்து அழாமலே போனது. நான்தான் தட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது உண்டானதும், பிள்ளை உயிரோடு பிறக்க வேண்டுமென்று கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டாள். ஏழு மாத வயிற்றோடு ஆடித் திருவிழாவுக்குப் புறப்பட்டாள். அந்தப் பக்கமெல்லாம் கொசு, காய்ச்சலை வாங்கிக்கொண்டு வருவாய், பிள்ளை பிறந்தபிறகு போ என்று தொண்டை வற்றக் கத்தினேன். "முருகன் பாத்துக்குவாரும்மா" என்றாள். "சாமி காரியத்துல குறுக்க பேசாதீங்கம்மா" என்றாள் மாமியார் கருப்பாயி. புருஷன் முனியாண்டி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். மூன்று பேரும் போய் வந்தார்கள். வந்து கொஞ்ச நாளில் செல்லம்மாவுக்கு நடுக்கல் காய்ச்சல் கண்டது.

டாக்டரையா வயிற்றின் இடது பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்குகிறதா என்று கேட்டுக்கொண்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கொயினா குடுக்கத்தான் வேணும், பிள்ளை. இந்தக் காய்ச்சலை இப்பிடியே விட்டால் தாயுமில்லை, பிள்ளையுமில்லை. வேளை தப்பாமல் குடிக்கிறாவோ எண்டு நீர்தான் போய்ப் பார்க்க வேணும்."

போய்ப் பார்த்தேன். காலையும் மாலையும் அவர்கள் லயம் இருந்த மேட்டில் ஏறி இறங்கினேன். மருந்து போகிறது, காய்ச்சல் போகவில்லை. டாக்டரையாவிடம் சொன்னேன். அடுத்த போத்தலில் தூளைக் கூட்டினார். அதற்கும் காய்ச்சல் அசையவில்லை. "உவவுக்கு மருந்து பிடிக்கேல்லைப் போல" என்று முணுமுணுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கூட்டினார். அவர் கை அப்படிக் கூட்டிப் பழகிய கையல்ல. தராசை இரண்டு தரம் பார்த்தார்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் நான் போனபோது செல்லம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாந்தி எடுத்த மண்சட்டி. நான் வந்ததைக் கவனிக்கவில்லை. எதிரே போய் நின்ற பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஆறு பெருகிருச்சாம்மா? ஒரே எரைச்சலா இருக்கு."

வாரக்கணக்கில் மழை இல்லை. ஆற்றில் பாறை தெரிந்தது. கொயினா மிஞ்சினால் முதலில் காதில்தான் இரையும். மருந்தை உடனே நிறுத்த வேண்டுமென்று போத்தலை எடுத்தேன். எடுத்ததும் என் கண்ணில் பட்டது காகிதப் பல். முந்தின நாள் மாலை நான் பார்த்தபோது பாதிக்குக் கீழே இருந்த மருந்து இப்போது பாதிக்கு மேலே நின்றது. மருந்து குட்டி போடுமா?

வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் ஊற்றினேன். பச்சைப் போத்தலுக்குள் தெரியாத நிறம் தட்டில் தெரிந்தது. செங்கல் கழுவிய தண்ணீர். நாக்கில் தொட்டுப் பார்த்தேன். டாக்டரையா மருந்து கசப்போடு புளிக்கும். இதில் புளிப்பைக் காணவில்லை. துவர்த்து வாயை இழுத்துப் பிடித்தது.

கருப்பாயியையும் முனியாண்டியையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். அவன் பெரட்டுக்குப் போக முண்டாசு கட்டிக்கொண்டிருந்தான். "இந்தப் போத்தல்ல யாரு கைய வச்சது?"

கருப்பாயி ஒளிக்கவில்லை. பெருமையாகவே சொன்னாள். "நாந்தாம்மா. நாக்குல விட்டுப் பாத்தேன், பச்சத் தண்ணி. ஒரு கசப்பு கெடையாது. அந்த டாக்டரு ஏமாத்துறாருன்னு பிள்ளத்தாச்சியச் சாக விட முடியுமா? கொயினா வேரத் தோண்டி, பட்டைய உரிச்சு, சுண்டக் காச்சி அதுல ஊத்துனேன். தனியாக் குடுத்தா நீங்க ஏசுவீங்க."

"எவ்வளவு பட்ட?"

"மொதல்ல ஒரு கைப்பிடி. காய்ச்ச விடல. அப்புறம் ரெண்டு. நேத்து ரெண்டுக்கும் மேல."

"டாக்டரையா மருந்து பச்சத் தண்ணியா இருக்காதே. அவர் கலக்குறத நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்."

முனியாண்டி முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். "பச்சத் தண்ணிதாம்மா" என்றான். "வேலைக்குப் போறதுக்கு முன்னாடி மருந்தச் சாக்கடைக் கானுல ஊத்திட்டுப் பீலில விழுற தண்ணியப் புடிச்சு வச்சிருவேன்."

"ஏன்டா?"

"இந்தக் கசப்பு மருந்து வயித்துல உள்ளதக் கலச்சிரும்னு ஃபெக்டரில சொன்னாங்க. மொதப் பிள்ள மாதிரி இதுவும் போயிரக் கூடாதேன்னுதாம்மா. இப்ப ரொம்பக் கசக்குதேன்னு கூடக் கூடக் கொட்டிட்டுத் தண்ணி ஊத்துனேன்."

கருப்பாயி மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப தண்ணி கலந்தது நீதானாடா, பாவி?" என்றாள்.

மகன் ஊற்றிக் கொட்டியதால் காய்ச்சல் நிற்கவில்லை. காய்ச்சல் நிற்காததால் தாய் வேரைத் தோண்டினாள். இதெல்லாம் தெரியாமல் டாக்டரையா அங்கே தூளைக் கூட்டினார். ஒரு போத்தலில் மூன்று கை. ஒருத்தர் மற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நாலு காம்பரா தள்ளி எவன் வீட்டில் என்ன குழம்பென்று தெரிந்து வைத்திருக்கிற லயம், ஒரே காம்பராவில் இருந்துகொண்டு மருந்தை மட்டும் இரகசியமாக வைத்துக்கொண்டது.

செல்லம்மாவைக் கேட்டேன், சத்தமாக, வாயைக் காட்டி. ருசி மாறியது உனக்குத் தெரியவில்லையா?

"தெரிஞ்சுச்சும்மா. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ருசி. எல்லாரும் நல்லதுக்குத்தான குடுக்குறாங்கன்னு குடிச்சேன்."

டிஸ்பென்சரிக்கு ஓடிப்போய்ச் சொன்னபோது டாக்டரையா கையில் இருந்த குவளையைக் கீழே வைத்தார். "அப்ப நான் ஆருக்கு எவ்வளவு குடுத்தனான் எண்டு எனக்கே தெரியேல்லை" என்றார். நோயாளி ஜன்னலுக்கு வர வேண்டும் என்பது அவர் சட்டம். அன்றைக்கு அவரே மேட்டில் ஏறி வந்தார். கண்ணைப் பார்த்தார், விரல்களை எண்ணச் சொன்னார், சீனித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் கடிகாரத்தை எடுத்து அவள் காதோரம் பிடித்தார். கேட்கிறதா என்று சைகை காட்டினார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். இன்னும் கிட்டக் கொண்டுபோனார். காதிலேயே வைத்து அழுத்தினார். அவள் அவருக்காகக் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் தலையாட்டினாள்.

கொழுந்து லொறியில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் வைத்து, பட்டையின் வேகம் இறங்கும்வரை பொறுத்து, அளந்து மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டது. வயிற்றில் பிள்ளை அசைந்தது. காது திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்று அங்கிருந்த டாக்டர் சொல்லியனுப்பினார்.

அவள் வீட்டுக்கு வருவதற்குள் தோட்டம் இரண்டு கட்சியாகிவிட்டது. டாக்டரையா மருந்துதான் காதைக் கெடுத்தது, பட்டை ஒன்றும் செய்யாது என்று ஒரு கட்சி. பட்டைதான் விஷம், மரங்களை வெட்ட வேண்டும் என்று இன்னொரு கட்சி. பீலியடியில் குடத்தை வைத்துவிட்டுச் சண்டை. இரண்டும் ஒரே சரக்கடா என்று நான் சொன்னால் இரண்டு கட்சியும் என்னோடு சண்டைக்கு வந்தது. டாக்டரையா தன் பங்குக்கு, இனிமேல் பட்டை குடிக்கிறவர்கள் டிஸ்பென்சரிக்கு வரக் கூடாது என்றார். அதன் பிறகு யார் உண்மை சொல்வார்கள்? குடிக்கிறவர்கள் மறைத்துக் குடித்தார்கள். கருப்பாயியாவது அடங்கினாளா என்றால், ஒருநாள் நான் போனபோது அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே வேப்பம்பட்டை. மருமகள் காதில் விடவாம். சட்டியோடு தூக்கிக் கானில் கொட்டினேன்.

அவ்வளவு கூத்திலும் செல்லம்மா யாரையும் குறை சொல்லவில்லை. எங்கள் வாயசைவைப் பார்த்துப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்டாள். "சூட்டுல அடச்சிருக்கும்மா. பிள்ள பொறந்து சூடு எறங்குனா தொறந்துக்கும்" என்பாள். அவளுக்கு அந்த நம்பிக்கையை யார் கொடுத்தார்களோ தெரியாது. நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு பகல் பொழுதில் வலி கண்டது. வெளியே இஸ்தோப்பில் கருப்பாயியும் முனியாண்டியும். யார் வீட்டுக்கும் பிரசவத்துக்கு வராத டாக்டரையாவும் குடையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார். உள்ளே நானும் பக்கத்துக் காம்பராப் பெண் ஒருத்தியும். நான் முக்கு என்று சொல்லும்போதெல்லாம் அந்தப் பெண் செல்லம்மாவின் முழங்காலைத் தட்டினாள். அதுதான் நாங்கள் பேசிவைத்த அடையாளம். ரொம்பச் சிரமப்படுத்தவில்லை. ஆண் பிள்ளை.

விழுந்ததும் கத்தினான். அப்படிக் கத்திய பிள்ளையை அந்தத் தோட்டத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. தகரக் கூரை அதிர்ந்தது. வெளியே கருப்பாயி குலவையிட்டாள், அடுத்த காம்பராக்களிலும் குலவை எடுத்தார்கள். நான் கொடியை அறுத்துக்கொண்டிருந்தேன்.

செல்லம்மா தலையைத் தூக்கிப் பிள்ளையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"ஏம்மா அழுகல?"

அழுகிறான்டி என்றேன். அவள் என் வாயைப் பார்க்கவில்லை. பிள்ளையை விட்டு அவள் கண் நகரவில்லை.

"தட்டுங்கம்மா. தலகீழாப் புடிச்சுத் தட்டுங்க. போன தடவ மாதிரி விட்டுராதீங்கம்மா."

எழுந்திருக்கப் பார்த்தாள். அந்தப் பெண் தோளைப் பிடித்து அமுக்கியும் கேட்கவில்லை. கையை நீட்டித் தானே தட்டுவதற்கு வந்தாள். எனக்கு அந்த நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டினாலும் அவளுக்குக் கேட்காது. பிள்ளையைத் துடைக்காமல் அப்படியே தூக்கி அவள் நெஞ்சில் குப்புறப் போட்டு, அவளுடைய இரண்டு கையையும் எடுத்து அவன் முதுகில் வைத்து அழுத்தினேன்.

அவன் மூச்சிழுத்து இழுத்துக் கத்தினான். ஒவ்வொரு கத்தலுக்கும் அந்த முதுகு அவள் கைக்குள் குலுங்கியது. அவள் அசையாமல் கிடந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அழுகுறானா?"

ஆமென்று தலையாட்டினேன்.

"அப்ப எனக்குத்தான் கேக்கல" என்றாள். பெரிய கண்டத்திலிருந்து தப்பியவள்போல மூச்சுவிட்டு, தலையைக் கீழே சாய்த்துக்கொண்டு சிரித்தாள். வெளியே மூன்று பேரும் பிள்ளை அழுத சந்தோஷத்தில் ஒருத்தரோடொருத்தர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்படி நிம்மதியாகச் சிரித்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் பொறுக்கவில்லை.